மறதி நோயும் உமிழ்நீர்ச் சோதனையும்

(நமது அறக்கட்டளையின் முதியோர் நலக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை. வர இயலாதவர்களுக்காக இங்கே முழுமையாகத் தரப்படுகிறது.)





கடந்த சில மாதங்களாக நம் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் பலரும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "எச்சிலைச் சோதித்தால் மறதி நோய் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடுமாமே, அதை நம் டிரஸ்டில் செய்து தரக்கூடாதா?" என்கிறார்கள். செல்போனில் சுற்றிவரும் ஒரு செய்திதான் இதற்குக் காரணம். அதே சமயத்தில் ஒரு தனியார் சோதனைக்கூடத்தின் பிரதிநிதியும் நம்மைத் தேடி வந்தார். 60 வயது தாண்டிய எல்லோருக்கும் ஒரே நாளில் முகாம் போட்டு உமிழ்நீர் எடுத்துக்கொள்வார்களாம். செலவில் பாதியை டிரஸ்டும் மீதியைக் குடும்பத்தாரும் ஏற்க வேண்டுமாம்.

நிர்வாகக் குழு கூடிப் பேசி, அந்த முகாம் இப்போது வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறது. நம் கையில் இருப்பது நீங்கள் கொடுத்த ஸதகாப் பணம். அது அமானிதம். அதை எதற்குச் செலவிடவில்லை, ஏன் செலவிடவில்லை என்பதையும் உங்களிடம் சொல்ல வேண்டும். அதற்குப் பதிலாக என்ன செய்யப் போகிறோம் என்பதையும் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் இன்று நிற்கிறேன்.

நான் மருத்துவன் அல்ல. நமக்கு ஆலோசனை சொல்லும் மருத்துவர்களிடம் கேட்டும், படித்தும் தெரிந்துகொண்டதை எல்லோருக்கும் புரியும்படி சொல்ல முயல்கிறேன்.

மறதி எது, நோய் எது?

மறதி மனித இயல்பு. தொழுகையில் எத்தனை ரக்அத் தொழுதோம் என்று தடுமாறுகிறவருக்காகவே ஸஜ்தா ஸஹ்வு இருக்கிறது. மூக்குக் கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடுவதும், தெரிந்தவர் பெயர் சட்டென்று நினைவுக்கு வராமல் போய் அரை மணி நேரம் கழித்து வருவதும் வயது ஏற ஏற எல்லோருக்கும் நடக்கும். அதற்காக யாரும் பயப்பட வேண்டாம்.

மருத்துவர்கள் 'டிமென்ஷியா' என்று சொல்வது வேறு. நாற்பது வருடமாகப் போய்வந்த பள்ளிவாசலிலிருந்து வீட்டுக்கு வழி தெரியாமல் நிற்பது. பத்து நிமிடத்துக்கு முன் சாப்பிட்டதை மறந்து, "எனக்கு யாருமே சோறு போடவில்லை" என்று அழுவது. வளையலைத் தானே அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்துவிட்டு மருமகள் எடுத்துவிட்டாள் என்று ஊரைக் கூட்டுவது. வாழ்நாளெல்லாம் கணக்கு எழுதியவர் பென்ஷன் பணத்தை எண்ணத் தெரியாமல் விழிப்பது. அன்றாட வாழ்க்கையைத் தானாக நடத்த முடியாத அளவுக்கு அறிவும் நினைவும் குறைந்துகொண்டே போனால், அது வயதின் இயல்பு அல்ல, நோய்.

டிமென்ஷியா என்பது ஒரே நோயின் பெயரும் அல்ல. பல நோய்கள் கொண்டுவந்து சேர்க்கும் ஒரு நிலை அது. அவற்றில் முதன்மையானது அல்சைமர் நோய். 100 பேரில் 60 முதல் 70 பேருக்கு அதுவே காரணம் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. அலாய்ஸ் அல்சைமர் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1906-இல் இதை முதன்முதலாக எடுத்துச் சொன்னார். இந்த நோயில் அமிலாய்டு, டௌ என்ற இரண்டு புரதங்கள் மூளைக்குள் கட்டிகட்டியாகப் படிகின்றன. வெளியே மறதி தெரியத் தொடங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே உள்ளே இந்தப் படிவு தொடங்கிவிடுகிறது. இதுபோக, மூளையின் ரத்தக்குழாய்கள் அடைபடுவதால் வரும் டிமென்ஷியா இருக்கிறது. பார்க்கின்சன் என்னும் நடுக்க நோயோடு வருவதும் இருக்கிறது.

நம் நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருக்கலாம் என்று 2023-இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிடுகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கும், நகரத்தைவிடக் கிராமத்திலும், படித்தவர்களைவிடப் படிக்க வாய்ப்பில்லாதவர்களுக்கும் இது கூடுதலாக இருக்கிறது. இன்று நம் வீடுகளில் உட்கார்ந்திருக்கும் உம்மாமார்களையும் மாமிமார்களையும் நினைத்துப் பாருங்கள். அவர்களில் எத்தனை பேரைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினோம்?

எச்சிலுக்கும் மூளைக்கும் என்ன தொடர்பு?

எச்சில் என்றாலே நமக்கு ஓர் அருவருப்பு உண்டு. ஆனால் அது உடலுக்கு மிக அவசியமான நீர். காதுக்கு முன்னால், தாடைக்கு அடியில், நாக்குக்கு அடியில் என்று மூன்று ஜோடிப் பெரிய சுரப்பிகள் நாளொன்றுக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை உமிழ்நீரைச் சுரக்கின்றன. அதில் 99 சதவீதம் தண்ணீர். மீதி ஒரு சதவீதத்தில்தான் உப்புகள், புரதங்கள், கிருமிகளை எதிர்க்கும் பொருட்கள் எல்லாம் இருக்கின்றன. ரத்தத்தில் ஓடும் பல பொருட்கள் சிறிதளவு இதிலும் கசிகின்றன.

இந்தச் சுரப்பிகள் மூளையிலிருந்து நேராக வரும் நரம்புகளின் கட்டளைப்படி இயங்குகின்றன. புளியங்காயை நினைத்தாலே வாயில் நீர் ஊறுகிறதே, அந்தத் தொடர்புதான். ஆகவே மூளையில் நடக்கும் கோளாறின் தடயம் உமிழ்நீரிலும் இருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர்கள் தேடுவதில் நியாயம் இருக்கிறது.

தேடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அல்சைமரை உறுதிப்படுத்த இன்றுள்ள வழிகள் எளிதானவை அல்ல. ஒன்று, முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்துச் சோதிப்பது. இன்னொன்று, அமிலாய்டு படிந்திருப்பதைக் காட்டும் பெட் ஸ்கேன். அது பெரிய நகரங்களில்தான் கிடைக்கும், செலவும் அதிகம். 2025 மே மாதத்தில்தான் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அல்சைமரைக் கண்டறிய உதவும் ஒரு ரத்தப் பரிசோதனைக்கு முதன்முறையாக அனுமதி கொடுத்தது. அதுவும் 55 வயதைத் தாண்டி, நோயின் அறிகுறிகளோடு நினைவாற்றல் நிபுணரிடம் வருகிறவர்களுக்கு மட்டும். மற்ற பரிசோதனைகளோடு சேர்த்துத்தான் அதைப் பார்க்க வேண்டும். எல்லோரையும் வரிசையில் நிற்கவைத்துச் செய்வதற்கு அல்ல.

ஊசி இல்லாமல், வலி இல்லாமல், வீட்டிலேயே ஒரு சிறு குப்பியில் துப்பிக் கொடுத்தால் போதும் என்றால் எவ்வளவு நல்லது! ஊசிக்குப் பயப்படும் மூதாட்டிக்கும், வீட்டைவிட்டு வெளியே கூட்டிப்போக ஆளில்லாத பெரியவருக்கும் அது பெரிய ரஹ்மத்தாக இருக்கும். அந்த நாள் வர வேண்டும் என்றுதான் நாமும் துஆ செய்கிறோம். ஆனால் அது இன்னும் வரவில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன்.

உமிழ்நீர் ஏற்கெனவே உதவும் இடங்கள்

மூளையைத் தாக்கும் ஒரு நோயை உமிழ்நீரைக் கொண்டு இன்றே கண்டுபிடிக்கிறார்கள். அது வெறிநாய்க்கடியால் வரும் ரேபிஸ். கடித்த இடத்திலிருந்து நரம்பு வழியாக மூளைக்கு ஏறும் வைரஸ், அங்கே பெருகி, மறுபடி நரம்பு வழியாக உமிழ்நீர்ச் சுரப்பிக்கு இறங்குகிறது. அதனால்தான் நாயின் கடியில் அது பரவுகிறது. நோய் கண்ட மனிதரின் உமிழ்நீரிலும் அதன் மரபுப் பொருளைக் கண்டுபிடிக்க முடியும். ஆனால் வைரஸ் எல்லா நேரமும் உமிழ்நீரில் வருவதில்லை. அதனால் ஒருமுறை 'இல்லை' என்று வந்தால் நோய் இல்லை என்று ஆகாது. திரும்பத் திரும்ப எடுத்துப் பார்ப்பார்கள், வேறு மாதிரிகளையும் சேர்த்துப் பார்ப்பார்கள். அறிகுறி தோன்றிய பிறகு, சோதனை சரியாகச் சொன்னாலும், அநேகமாக உயிரைக் காப்பாற்ற முடியாது. கடித்தவுடன் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவுவதும், தாமதிக்காமல் தடுப்பூசி போடுவதும்தான் உயிரைக் காக்கும். சோதனை வேறு, காப்பாற்றுவது வேறு என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டியதில்லை.

இரண்டாவது, விளையாட்டில் தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சி வருவது. இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தார் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரக்பி ஆட்டக்காரர்களின் உமிழ்நீரை ஆராய்ந்து, மூளை அதிர்ச்சி ஏற்பட்டவர்களை அடையாளம் காட்டும் சில நுண்ணிய மூலக்கூறுகளை 2021-இல் வெளியிட்டார்கள். நல்ல முன்னேற்றம்தான். ஆனால் அது ஆரோக்கியமான இளைஞர்களிடம், அடிபட்ட நேரம் துல்லியமாகத் தெரிந்த நிலையில் செய்த ஆய்வு. எழுபது வயதில், பல ஆண்டுகளாக மெல்ல மெல்ல வரும் நோய்க்கு அதை அப்படியே பொருத்த முடியாது.

மூன்றாவது, மரபணுச் சோதனை. செல்போனில் வந்த அந்தச் செய்தி இதையும் டிமென்ஷியா சோதனையையும் ஒன்றாகக் குழப்பிவிட்டது. உமிழ்நீரில் நம் வாயின் உயிரணுக்கள் கலந்திருப்பதால், அதிலிருந்து மரபணுவைப் படிக்கலாம். அல்சைமருக்கான வாய்ப்பைக் கூட்டும் 'ஏபிஓஇ-4' என்ற மரபணு வகை ஒருவரிடம் இருக்கிறதா என்று சொல்லும் உமிழ்நீர்ச் சோதனைக்கு அமெரிக்காவில் 2017-இலேயே அனுமதி கிடைத்தது. அந்த வகை இருக்கும் பலருக்குக் கடைசிவரை நோய் வருவதில்லை. இல்லாத பலருக்கு வருகிறது. அது வாய்ப்பைச் சொல்வது, நோயைச் சொல்வது அல்ல. மழை பெய்யலாம் என்பதும் மழை பெய்கிறது என்பதும் ஒன்றா?

ஆய்வுகள் ஏன் ஒத்துப்போகவில்லை?

இனி மறதி நோய்க்கான உமிழ்நீர் ஆய்வுகளுக்கு வருகிறேன். 2010-இல் ஸ்பெயின் நாட்டு ஆராய்ச்சியாளர்கள், ஆரம்பநிலை அல்சைமர் உள்ளவர்களின் உமிழ்நீரில் அமிலாய்டு கூடுதலாக இருப்பதாகச் சொன்னார்கள். அடுத்த ஆண்டே அமெரிக்காவில் ஒரு குழு தேடியபோது, அமிலாய்டு தங்கள் கருவிக்கு எட்டவே இல்லை என்றும், டௌ புரதத்தில் மட்டும் ஒரு வித்தியாசம் தெரிகிறது என்றும் சொன்னது. 2018-இல் 200-க்கும் மேற்பட்டவர்களிடம் டௌ புரதத்தின் மொத்த அளவைப் பார்த்த இன்னொரு ஆய்வில், நோயாளிக்கும் மற்றவருக்கும் நம்பத்தக்க வித்தியாசம் தெரியவில்லை.

லாக்டோஃபெரின் என்று ஒரு புரதம் உண்டு. தாய்ப்பாலில், அதுவும் சீம்பாலில் நிறைய இருக்கும். கண்ணீரிலும் உமிழ்நீரிலும் இருந்து கிருமிகளை எதிர்க்கும். அல்சைமர் வந்தவர்களின் உமிழ்நீரில் இது குறைந்துவிடுகிறது, இதைக்கொண்டே நோயாளியைப் பிரித்துச் சொல்லலாம் என்று 2017-இல் ஸ்பெயினிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. 2021-இல் டென்மார்க்கில் ஒரு நினைவாற்றல் மருத்துவமனைக்கு வந்தவர்களிடம் அதையே சோதித்தார்கள். வித்தியாசம் தெரியவில்லை. பார்க்கின்சன் நோயிலும் இப்படித்தான். அதற்குக் காரணமான புரதத்தின் படிவு தாடைக்கு அடியிலுள்ள உமிழ்நீர்ச் சுரப்பியில் இருப்பது உறுதியாகியிருக்கிறது. அதை உமிழ்நீரிலேயே பிடிக்கும் முறைகள் இன்னும் ஆய்வுக்கூடத்தில்தான் இருக்கின்றன.

இவர்களில் யாரும் பொய் சொல்லவில்லை. அறிவியல் இப்படித்தான் முன்னேறும். ஒருவர் சொன்னதை இன்னொருவர் வேறு ஊரில், வேறு மக்களிடம் சோதித்துப் பார்க்க வேண்டும். உமிழ்நீரில் அது கடினமாக இருப்பதற்குக் காரணங்கள் உண்டு. தேடும் புரதங்களின் அளவு மிக மிகக் குறைவு. அவை ஒட்டிக்கொள்ளும் தன்மையுள்ளவை, எச்சிலை ஒற்றி எடுக்கும் பஞ்சிலேயே தங்கிவிடலாம். காலையில் எடுத்த எச்சிலும் மாலையில் எடுத்த எச்சிலும் ஒன்றல்ல. சாப்பிட்டதும், வெற்றிலை போட்டதும், பல் துலக்கியதும் அதை மாற்றும். ஈறில் ரத்தம் கசிந்தால் உமிழ்நீரில் ரத்தமும் கலந்துவிடும். நம் ஊரில் எத்தனை பெரியவர்களுக்கு ஈறு நன்றாக இருக்கிறது?

ஒரு எளிய கணக்கு

சிலர் கேட்டார்கள், "நூற்றுக்கு நூறு சரியாக இல்லாவிட்டால் என்ன, தொண்ணூறு சரியாக இருந்தால் போதாதா?" என்று. நல்ல கேள்வி. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

இப்படி ஒரு சோதனை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நோய் உள்ள 100 பேரில் 90 பேரைக் கண்டுபிடிக்கும். நோய் இல்லாத 100 பேரில் 90 பேரை இல்லை என்று சரியாகச் சொல்லும். நம் ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் 60 வயது தாண்டிய 1,000 பேரைக் கூட்டி முகாம் போடுகிறோம். தேசிய ஆய்வின் கணக்குப்படி அவர்களில் 74 பேருக்கு டிமென்ஷியா இருக்கும், 926 பேருக்கு இருக்காது. சோதனை 74 பேரில் 67 பேரைப் பிடிக்கும், 7 பேரை விட்டுவிடும். 926 பேரில் பத்துச் சதவீதம், அதாவது 93 பேருக்கு, நோய் இல்லாமலேயே நோய் இருப்பதாகச் சொல்லும். ஆக 160 பேர் கையில் 'நோய் இருக்கிறது' என்ற சீட்டு இருக்கும். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் நல்ல நிலையில் இருப்பவர்கள்!

அந்த 93 பேரின் கதி என்ன என்று யோசியுங்கள். மறதி நோய் என்று எழுதிய ஒரு தாள் நம் ஊரில் என்னவெல்லாம் செய்யும் என்பது உங்களுக்குத் தெரியாததா? அவர் சொல்லுக்கு வீட்டில் மதிப்பு போய்விடும். கடைச் சாவியை வாங்கிக்கொள்வார்கள். பேத்திக்கு வரும் சம்பந்தத்தில்கூட அந்தப் பேச்சு வந்து நிற்கும்.

சொத்து விஷயம் இதைவிடப் பெரியது. தகப்பன் ஒரு மகனுக்கு ஹிபா எழுதினால், இன்னொரு மகன் "வாப்பாவுக்கு அப்போதே புத்தி சுவாதீனம் இல்லை" என்று வழக்குப் போடுகிறார். வஸிய்யத்திலும் இதே சண்டை. மார்க்கச் சட்டமும் நாட்டின் சட்டமும் கேட்பது ஒன்றுதான்: அந்த நேரத்தில் அவர் என்ன செய்கிறோம் என்று புரிந்து செய்தாரா? அதை மருத்துவர் அவரிடம் நேரில் பேசித்தான் சொல்ல முடியும். எச்சிலில் உள்ள எந்தப் புரதமும் சொல்லாது. நோய் உறுதியானவருக்கும்கூட, ஆரம்ப நிலையில் தன் விருப்பத்தைத் தெளிவாகச் சொல்லும் ஆற்றல் இருக்கலாம். ஒரு முகாம் தாளைக் காட்டி ஒரு பெரியவரின் உரிமையைப் பறிக்க நம் டிரஸ்ட் துணைபோகக் கூடாது. நிர்வாகக் குழு இதை மிகவும் கவலையோடு பேசியது.

சோதிக்காமலேயே எச்சில் சொல்லும் ஒரு செய்தி

ஆனால் வாயைப் பற்றி இன்றே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பெரியவர் "வாய் காய்ந்துபோகிறது, எச்சிலே ஊறவில்லை" என்று சொன்னால் அலட்சியம் செய்யாதீர்கள். அவர் என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று பாருங்கள். சளிக்கும் அரிப்புக்கும் கடையில் வாங்கும் சில பழைய வகை மாத்திரைகள், தூக்கத்துக்காகவும் நரம்பு வலிக்காகவும் தரும் சில மாத்திரைகள், சிறுநீர் அடக்க முடியாமைக்குத் தரும் சில மருந்துகள், கை நடுக்கத்துக்கான சில மருந்துகள் வாயை உலர்த்தும். அதே மருந்துகள் முதியவர்களின் நினைவையும் குழப்பும். மருந்தின் விளைவை நாம் வயோதிகம் என்றும், சில வீடுகளில் ஜின் சேட்டை என்றும் நினைத்துக்கொள்கிறோம். எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள், அவர் பார்த்து மாற்றித் தருவார். சோதனைக்கூடம் இல்லாமல், ஒரு காசு செலவில்லாமல் கிடைக்கும் தகவல் இது.

இன்றே செய்யக்கூடியவை

டிமென்ஷியா போலவே தோன்றி, கவனித்தால் முழுமையாகவோ பெருமளவிலோ சரியாகக்கூடிய காரணங்கள் பல இருக்கின்றன. பி12 வைட்டமின் குறைவு அதில் ஒன்று. சர்க்கரைக்காக மெட்ஃபார்மின் மாத்திரையை ஆண்டுக்கணக்கில் சாப்பிடுகிறவர்களுக்கு இது வரலாம். நம்மில் எத்தனை பேர் அதைச் சாப்பிடுகிறோம்! தைராய்டு குறைவு இன்னொன்று. பிள்ளைகள் வெளிநாட்டில், துணை மவுத்தாகிவிட்டது என்ற நிலையில் வரும் மனச்சோர்வும் மறதியாகவே வெளிப்படும். கீழே விழுந்து தலையில் அடிபட்டு, சில வாரங்கள் கழித்து மெல்லக் கசியும் ரத்தமும் காரணமாகலாம். நேற்றுவரை நன்றாக இருந்தவர் இரண்டே நாளில் உளறத் தொடங்கினால் அது டிமென்ஷியா அல்ல. சிறுநீர்த் தொற்றோ, சோடியம் குறைவோ, பக்கவாதமோ இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

இவற்றைக் கண்டுபிடிக்க என்ன வேண்டும்? மருத்துவர் அரை மணி நேரம் உட்கார்ந்து பெரியவரோடும் வீட்டாரோடும் பேச வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் பொருந்தும் கேள்விகளால் நினைவைச் சோதிக்க வேண்டும். சில சாதாரண ரத்தப் பரிசோதனைகள், தேவைப்பட்டால் மூளை ஸ்கேன். அவ்வளவுதான். எல்லாம் இன்று கிடைப்பவை.

வராமல் தடுப்பதிலும் நம்மால் ஆகக்கூடியது நிறைய இருக்கிறது. லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு 2024-இல் 14 காரணங்களைப் பட்டியலிட்டு, அவற்றை எல்லாம் சரிசெய்ய முடிந்தால் உலகில் டிமென்ஷியா வருவதில் 45 சதவீதம் வரை தடுக்கலாம் அல்லது தள்ளிப்போடலாம் என்று சொன்னது. ரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, புகை, உடல் உழைப்பின்மை, சிறு வயதில் கல்வியின்மை, தனிமை ஆகியவை அதில் இருக்கின்றன. காது கேளாமையும் பார்வைக் குறைவும் இருக்கின்றன. காது கேட்காதவரோடு பேசுவதை நாம் நிறுத்திவிடுகிறோம். அவரும் சபைக்கு வருவதை நிறுத்திவிடுகிறார். ஒரு காது கேட்கும் கருவி அவரை மறுபடி மனிதர்களோடு சேர்க்கிறது.

ஆகவே முகாமுக்குக் கேட்ட பணத்தை இப்படிச் செலவிடலாம் என்று நிர்வாகக் குழு முடிவெடுத்திருக்கிறது. மாதம் ஒரு நாள் நம் மன்றத்தில் நினைவாற்றல் பார்க்கும் மருத்துவர் இருப்பார். பெண்களுக்குத் தனி நேரம். பி12, தைராய்டு பரிசோதனைகளுக்கு இயலாதவர்களின் செலவை டிரஸ்ட் ஏற்கும். காது, கண் பரிசோதனையும் அன்றே நடக்கும். அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை கிடைக்கிறது. இன்னும் பதியாதவர்களுக்கு நம் இளைஞர்கள் பதிந்து கொடுப்பார்கள்.

ஆராய்ச்சிக்கு எச்சில் கேட்டால்?

சகோதரிகள் தரப்பிலிருந்து இரண்டு கேள்விகள் எழுதி வந்திருக்கின்றன. ஒன்று, "நாளை ஏதாவது மருத்துவக் கல்லூரியிலிருந்து ஆராய்ச்சிக்கு உமிழ்நீர் கேட்டால் கொடுக்கலாமா?" தாராளமாகக் கொடுக்கலாம். நம் மக்களிடம் சோதித்துப் பார்க்காத சோதனை நாளை நமக்குச் சரியாகப் பொருந்தும் என்று எப்படிச் சொல்ல முடியும்? ஆனால் நான்கு விஷயங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். நெறிமுறைக் குழுவின் அனுமதி இருக்கிறதா? சம்மதப் படிவத்தைத் தமிழில் படித்துக் காட்டினார்களா? பெயரும் முடிவும் ரகசியமாக இருக்குமா? பணம் கேட்கிறார்களா? உண்மையான ஆராய்ச்சிக்குக் கலந்துகொள்பவரிடம் கட்டணம் வாங்க மாட்டார்கள். காசு கேட்டால் அது ஆராய்ச்சி அல்ல, வியாபாரம்.

இரண்டாவது, "நோன்பு வைத்திருக்கும்போது உமிழ்நீர் கொடுத்தால் நோன்பு முறியுமா?" உமிழ்நீரைத் துப்புவதால் நோன்பு முறிவதில்லை. சந்தேகம் இருந்தால் நம் ஹஜ்ரத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நிறைவாக

நோய் உறுதியாகிவிட்டால் என்ன செய்வது என்பதை ஒரே உரையில் சொல்லி முடிக்க முடியாது. ஒன்றை மட்டும் சொல்கிறேன். அறிந்த பின் ஒன்றும் அறியாத நிலைக்கு மனிதன் திருப்பப்படும் முதுமையைப் பற்றி நம் வேதம் பேசுகிறது. அந்த நிலையிலிருந்து பாதுகாப்புத் தேடவும் நமக்குக் கற்றுத் தரப்பட்டிருக்கிறது. ஆக, இது வெட்கப்பட வேண்டிய குற்றமல்ல, யாருக்கும் வரக்கூடிய ஒரு நிலை. அந்த நிலையில் உள்ள தாயிடம் "இப்போதுதானே சொன்னேன்" என்று கடிந்துகொள்வதால் அவருக்கு நினைவு வராது, மனம்தான் உடையும். அவர் பத்தாவது முறை கேட்டாலும் முதல் முறை கேட்டதைப் போலப் பதில் சொல்லுங்கள். நாம் சிறுபிள்ளையாக இருந்தபோது அவர் நமக்கு அப்படித்தான் பதில் சொன்னார்.

பார்த்துக்கொள்கிறவர்களும் மனிதர்கள்தான். பெரும்பாலும் ஒரு மருமகளோ ஒரு மகளோ இரவு பகலாக ஒற்றையாளாக அந்தச் சுமையைச் சுமக்கிறார். வாரத்தில் அரை நாளாவது அவருக்கு ஓய்வு கொடுங்கள். ஆண்மக்கள் அந்த அரை நாள் உம்மாவின் பக்கத்தில் உட்காருங்கள். மனம் தளரும்போது பேச 14416 என்ற டெலி-மானஸ் எண் இருக்கிறது. முதியோருக்கான உதவிக்கு 14567 இருக்கிறது. இரண்டும் அரசு நடத்தும் இலவச எண்கள்.

உமிழ்நீர்ச் சோதனை நாளை வரலாம். வந்து, நம் மக்களிடமும் நிரூபணமாகி, மருத்துவர்கள் சரி என்று சொன்னால், இன்ஷா அல்லாஹ், இதே மன்றத்தில் நாமே முன்நின்று நடத்துவோம். அதுவரை அதற்காகக் காத்திருந்து இன்று பார்க்க வேண்டிய நோயைத் தள்ளிப் போடாதீர்கள். அதை நம்பிக் காசையும் கரைக்காதீர்கள். வீட்டில் ஒரு பெரியவரின் நடவடிக்கை மாறியிருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றினால், வரும் மாத முகாமுக்கு அவரை அழைத்து வாருங்கள். மாத்திரைப் பையையும் மறக்காமல் கொண்டு வாருங்கள்.

அல்லாஹ் நம் பெற்றோருக்கு ஆஃபியத்தையும், நமக்குப் பொறுமையையும், நோயுற்ற அனைவருக்கும் ஷிஃபாவையும் தந்தருள்வானாக. ஆமீன்.